சீர்வேகத்தின் கதை

நெடுஞ்சாலையில் கார் ஓட்டுபவர்களுக்கு குரூஸ் கன்ட்ரோல் இன்று ஒரு சாதாரணப் பொத்தான். விரும்பிய வேகம் வந்ததும் அதை அழுத்துகிறோம். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுகிறோம். வண்டி தன் வேகத்தைத் தானே பார்த்துக்கொள்கிறது. ஓட்டுநரின் சௌகரியத்துக்காக யாரோ கண்டுபிடித்தது என்று எண்ணி அத்துடன் விட்டுவிடுகிறோம். ஆனால் இதன் தொடக்கம் பக்கத்து இருக்கையில் இருந்த ஒரு பயணியின் அவஸ்தையில் இருக்கிறது. அந்தப் பயணிக்குக் கண் தெரியாது.

ரால்ஃப் டீட்டர் 1890இல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ஹேகர்ஸ்டவுன் என்னும் சிற்றூரில் பிறந்தார். ஐந்து வயதில் கத்தி தவறி ஒரு கண்ணில் பாய்ந்தது. சிறிது காலத்திலேயே மற்றக் கண்ணின் பார்வையும் போயிற்று. அவருடைய குடும்பமே பட்டறைக் குடும்பம். ரயில் பாதைகளைச் சோதனையிட உதவும் சிறு வண்டிகளைச் செய்து, பின்னர் பிஸ்டன் ரிங் தயாரிப்பில் இறங்கியவர்கள். பையனைப் பட்டறையிலிருந்து யாரும் விலக்கி வைக்கவில்லை. இயந்திரங்களை விரல்களால் படித்து வளர்ந்த அவர், 1912இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் பட்டம் பெற்றார்.

முதல் உலகப்போரின்போது கடற்படையின் நாசகாரிக் கப்பல்களுக்கான நீராவி டர்பைன்களில் ஒரு சிக்கல் இருந்தது. அதிவேகமாகச் சுழலும் பாகம் இம்மியளவு சமநிலை தவறினாலும் முழு இயந்திரமும் அதிரும். அந்த அதிர்வை விரல் நுனியால் உணர்ந்து சரிசெய்யும் வழியை உருவாக்கியவர் டீட்டர். 1936இல் அமெரிக்க ஆட்டோமொபைல் பொறியாளர் சங்கத்தின் தலைவரானார். பின்னர் பெர்ஃபெக்ட் சர்க்கிள் என்ற பெயரில் புகழ்பெற்ற குடும்ப நிறுவனத்துக்கும் தலைமை ஏற்றார்.

குரூஸ் கன்ட்ரோலின் பிறப்பைப் பற்றி வழங்கிவரும் கதை இது. டீட்டரின் காப்புரிமை வழக்கறிஞர் ஹாரி லிண்ட்ஸே காரோட்டிக்கொண்டே உரையாடுவார். தாம் பேசும்போது வேகத்தைக் குறைப்பார். டீட்டர் பேசும்போது கூட்டுவார். சாலையைப் பார்த்துக்கொண்டு வருபவருக்கு இந்த ஏற்ற இறக்கம் பெரிதாக உறைக்காது. வேடிக்கை பார்க்க வழியற்று உடலால் மட்டுமே பயணத்தை அறிந்தவருக்கு ஒவ்வொரு தள்ளலும் இழுப்பும் தெரிந்தன. சுழலும் இரும்பின் சமநிலையைக் கையால் அளந்தவர், ஓட்டுநரின் பாதத்தில் உள்ள சமநிலைக் குறையையும் அதே வழியில் அளந்திருக்கிறார்.

காலமும் இவ்வெண்ணத்துக்கு இடம் கொடுத்தது. இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோது, ரப்பரையும் பெட்ரோலையும் மிச்சப்படுத்த அமெரிக்க அரசு 1942இல் மணிக்கு 35 மைல் என்று, அதாவது சுமார் 56 கிலோமீட்டர் என்று, நாடு முழுவதும் வேகவரம்பு விதித்தது. ஒரே வேகத்தில் செல்வது அன்று ஒரு குடிமைக் கடமை.

டீட்டர் எடுத்துக்கொண்ட தத்துவம் பழையது. ஜேம்ஸ் வாட் 1788இல் தம் நீராவி எஞ்சினில் பொருத்திய கவர்னரில் இரண்டு உலோகக் குண்டுகள் சுழலும். வேகம் கூடினால் அவை விலகி உயர்ந்து நீராவியைக் குறைக்கும். வேகம் தணிந்தால் தாழ்ந்து நீராவியைக் கூட்டும். டீட்டர் இத்தகைய கவர்னரைக் காரின் ஓட்டத்தோடு இணைத்தார். 1950ஆம் ஆண்டு ஆகஸ்டில் காப்புரிமை கிடைத்தது.

இவ்விடத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். அந்த முதல் வடிவம் ஓட்டுநரின் காலை விடுவிக்கவில்லை. குறித்த வேகத்தை எட்டியதும் ஆக்ஸிலரேட்டர் மிதி அவருடைய பாதத்தை எதிர்த்துத் தள்ளும். இதற்கு மேல் வேண்டாம் என்பதை அது தொடுகையால் தெரிவித்தது. அவசரமாக முந்த வேண்டுமானால் அந்த எதிர்ப்பையும் மீறி அழுத்தலாம். பார்வையற்ற ஒருவர் பார்வையுள்ளவருக்குத் தந்த சைகை அது. வேகத்தைப் பூட்டிவைத்து, பிரேக்கைத் தொட்டதும் விடுபடும் ஏற்பாடு பின்னரே சேர்ந்தது.

1958இல் கிரைஸ்லர் நிறுவனம் தன் உயர்வகைக் கார்களில் இதை அறிமுகப்படுத்தியது. டீட்டர் தரப்பில் கன்ட்ரோல்மேட்டிக், டச்சோமேட்டிக், பிரஸ்ஸோமேட்டிக், ஸ்பீடோஸ்டாட் எனப் பல பெயர்கள் சூட்டிப் பார்த்திருந்தார்கள். கிரைஸ்லர் சூட்டிய பெயர் ‘ஆட்டோ பைலட்’. காடிலாக் வைத்த ‘குரூஸ் கன்ட்ரோல்’ என்ற பெயரே நிலைத்தது. 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு 55 மைல் வேகவரம்பு சட்டமானபோது, சீர்வேகம் எரிபொருளை மிச்சப்படுத்தும் என்ற காரணம் மீண்டும் முன்னுக்கு வந்தது. போர்க்காலத்தின் பழைய நியாயம் வேறு உருவில் திரும்பியது.

அன்றாட ஓட்டத்தில் இதன் எல்லைகளையும் அந்தப் பழைய வடிவமைப்பே விளக்குகிறது. எளிய குரூஸ் கன்ட்ரோலுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: தன் வேகம். முன்னால் செல்லும் லாரியை அது அறியாது. வளைவை அறியாது. மழையில் சக்கரம் வழுக்கும்போதும் வேகத்தைக் காக்கவே முயலும். செங்குத்தான இறக்கத்தில் எஞ்சினுக்குத் தரும் எரிபொருளைக் குறைக்குமே தவிர, அதன் எளிய வடிவம் பிரேக் போடாது. ஆகவே நெரிசலற்ற, நேரான, உலர்ந்த சாலையே அதற்குரிய இடம். முன்வண்டியின் தொலைவை ரேடாரால் அளந்து வேகத்தை மாற்றிக்கொள்ளும் வகையை 1999இல் மெர்சிடஸ் பென்ஸ் கொண்டுவந்தது. இயந்திரத்துக்கும் ஒருவகைக் கண் வாய்த்தது. அதோடு ஓட்டுநரின் கண் ஓய்வுகேட்கத் தொடங்கியது.

2016 மே மாதம் ஃப்ளோரிடாவில் டெஸ்லா கார் ஒன்று, சாலையின் குறுக்கே திரும்பிய லாரியில் மோதி, ஓட்டுநர் இறந்தார். அப்போது இயங்கிக்கொண்டிருந்த வசதியின் பெயர் ‘ஆட்டோபைலட்’. கிரைஸ்லர் 1958இல் வைத்த பெயர் ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்குப் பின் திரும்பியிருந்தது. லாரி ஓட்டுநர் வழிவிடத் தவறியதோடு, கார் ஓட்டுநர் தானியக்கத்தை அளவுமீறி நம்பிக் கவனம் இழந்ததும் விபத்துக்குக் காரணம் என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2017இல் முடிவுசெய்தது. ஓட்டுநரின் கவனத்தை உறுதிசெய்யும் ஏற்பாடு போதாது என்பதால் 2023 டிசம்பரில் அந்நிறுவனம் அமெரிக்காவில் சுமார் இருபது லட்சம் கார்களுக்கு மென்பொருள் திருத்தம் அறிவிக்க நேர்ந்தது. ஸ்டியரிங் மேல் கை இருக்கிறதா, கண் சாலையில் இருக்கிறதா என்று இப்போது கார்கள் நம்மையே கண்காணிக்கின்றன.

டீட்டர் 1982இல் மறைந்தார். 1988இல் அமெரிக்க ஆட்டோமொபைல் புகழ்மண்டபத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. அவருடைய மிதி ஓட்டுநரின் பாதத்தோடு பேசியது. அதைக் கேட்க அவர் விழித்திருக்க வேண்டியிருந்தது. அடுத்தமுறை அப்பொத்தானை அழுத்தும்போது நாம் நினைவில் கொள்ள வேண்டியது அந்த மிதியைத்தான்.