பொலிஸ் ஏலத்தில் வாகனம் வாங்குவது இலாபமா? ஏலம் கேட்க முன் அறிந்திருக்க வேண்டியவை

கட்டாரிலிருந்து திரும்பி வந்த எனது மச்சான் கடந்த மாதம் ஒரு யோசனையோடு வீட்டுக்கு வந்தார். நீதிமன்ற வளவில் முச்சக்கரவண்டிகள் ஏலம் போகப் போகின்றன, சந்தை விலையில் பாதிக்கு எடுக்கலாம், அதை ஓட்டிக் குடும்பத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். பணத்துக்குத் தங்கச்சியின் வளையல்களை விற்பதாகத் திட்டம். தங்கச்சி என்னிடம், “நானா, நீங்கள் ஒருமுறை ஏலத்தில் எடுத்தவர்தானே, நீங்களே ஒரு முடிவு சொல்லுங்க” என்றாள்.

அவர்களுக்குச் சொன்னதையே இங்கு ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்து வருடங்களில் பழைய வாகனங்களின் விலை எங்கே போனது என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் ஏலங்களை நாடுவோரும் அதிகரித்துள்ளனர். ஆகவே இது பலருக்கும் பயன்படும் என நம்புகிறேன்.

இது உண்மையில் பொலிஸ் ஏலமா?

நாம் “பொலிஸ் ஏலம்” என்று சொன்னாலும், பொலிஸார் கைப்பற்றிய வாகனங்களைப் பெரும்பாலும் விற்பது நீதவான் நீதிமன்றமே. வாகனம் பொலிஸ் நிலைய வளவில் நின்றாலும், அதை என்ன செய்வது என்று தீர்மானிப்பவர் நீதவான். பொலிஸ் திணைக்களம் தான் பாவித்துக் கழித்த ஜீப்களையும் மோட்டார் சைக்கிள்களையும் விற்பது வேறு விடயம். அதேபோல் சுங்கத் திணைக்களத்தின் ஏலமும் வேறு. முதலில் எந்த ஏலத்துக்குப் போகிறோம் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நீதிமன்ற ஏலத்துக்கு வரும் வாகனங்கள் இரண்டு வகை.

முதலாவது, உரிமை கோரப்படாதவை. களவாடப்பட்டுக் கைவிடப்பட்டவை, இலக்கத்தகடு இல்லாமல் பிடிபட்டவை, வழக்கு முடிந்தும் எவரும் எடுத்துச் செல்லாதவை இதில் அடங்கும். 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்க குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி, உரிமையாளர் யாரென்று தெரியாவிட்டால் ஆறு மாதங்களுக்குள் உரிமை கோருமாறு நீதவான் அறிவித்தல் விடுக்கலாம். எவரும் உரிமையை நிரூபிக்காவிட்டால் விற்பனைக்கு உத்தரவிடலாம்.

இரண்டாவது, அரசுடைமையாக்கப்பட்டவை. அனுமதியின்றி மரம் ஏற்றிய லொறி, போதைப்பொருளோடு பிடிபட்ட முச்சக்கரவண்டி, அனுமதிப்பத்திரம் இல்லாமல் மாடு ஏற்றிய கென்டர் போன்றவை. 1958 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்க விலங்குகள் சட்டத்தின் கீழ் வாகனத்தை இழந்தவர்கள் நமது ஊர்களிலும் உள்ளனர். குற்றத்தைத் தடுக்கத் தன்னால் இயன்ற எல்லா முன்னெச்சரிக்கையும் எடுத்ததாக நிரூபித்தால் உரிமையாளர் தப்பலாம். வாகனத்தை எதற்கென்று கேட்காமல் இரவல் கொடுப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

ஏலம் எப்படி நடக்கிறது?

அறிவித்தல் நீதிமன்ற அறிவித்தல் பலகையிலும், வெள்ளிக்கிழமைகளில் வெளிவரும் அரசாங்க வர்த்தமானியிலும் வரும். வர்த்தமானியை அரசாங்க அச்சகத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் எவரும் இலவசமாகப் பார்க்கலாம். நிபந்தனைகள் அநேகமாக ஒரே மாதிரியானவை:

– பொருட்களுக்கு உரிமை கோருபவர் ஏலம் தொடங்க முன் கோர வேண்டும்.
– பதிவாளரின் அனுமதியோடு, ஏலத்துக்கு அரை மணி நேரத்துக்கு முன் வாகனங்களைப் பார்வையிடலாம்.
– நீதிமன்றம் நிர்ணயித்த ஆரம்ப விலைக்கு எவரும் கேட்காவிட்டால் அந்த வாகனம் விலக்கிக்கொள்ளப்படலாம்.
– பணம் காசாகச் செலுத்தப்பட வேண்டும், காசோலை ஏற்கப்படாது.
– வாங்கியதை உடனே வளவிலிருந்து அப்புறப்படுத்த வேண்டும்.
– தேசிய அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும்.

இந்த நிபந்தனைகளை இன்னொருமுறை வாசியுங்கள். பார்க்க அரை மணி நேரம்தான் கிடைக்கிறது. முழுப் பணமும் காசாக வேண்டும், லீசிங் எடுத்துக் கட்ட வழியில்லை. ஓட்டிப் பார்க்கச் சந்தர்ப்பம் இல்லை, உத்தரவாதமும் இல்லை. விலை குறைவாக இருப்பதற்கு இவையே காரணம்.

எனது கணக்கு

ஆசிரியர் கலாசாலையை முடித்து, வீட்டிலிருந்து தூரத்துப் பாடசாலை ஒன்றில் கற்பித்துக்கொண்டிருந்த காலம். 2014 இல் ஒரு நீதிமன்ற ஏலத்தில் 100 சீசீ மோட்டார் சைக்கிள் ஒன்றை 46,000 ரூபாவுக்கு எடுத்தேன். அதே வருடத் தயாரிப்பு, ஒழுங்கான புத்தகத்தோடு எங்கள் ஊரில் அப்போது 115,000 ரூபாவுக்குப் போனது. “69,000 இலாபம்” என்று அன்றிரவு வீட்டில் பெருமையாகச் சொன்னேன்.

பிறகு நடந்தது இதுதான். பெட்டரி, இரண்டு டயர், டியூப், கிளச் பிளேட், செயின் செட், துருப்பிடித்த பெற்றோல் டாங்கி, கராஜ் கூலி என்று 31,500 ரூபா. கொழும்பு நாரஹேன்பிட்டவிலுள்ள மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு மூன்று பயணம், தங்குமிடம், சாப்பாடு 9,000 ரூபா. புகைச் சான்றிதழ், காப்புறுதி, வருமான வரி அனுமதிப்பத்திரம் ஆகியவற்றுக்கு 6,500 ரூபா. எல்லாமாக 93,000 ரூபா. உண்மையான இலாபம் 22,000.

அதற்கும் ஒரு விலை கொடுத்தேன். நீதிமன்றம் தந்த கடிதத்தில் செசி இலக்கத்தின் ஒரு 3, 8 ஆகத் தட்டச்சாகியிருந்தது. கடிதத்தை வாங்கிய நான், மாணவர்களின் எழுத்துப் பிழைகளைத் திருத்தும் நான், அதைக் கவனிக்கவில்லை. திருத்திய கடிதம் பெற்றுப் பெயர் மாற்றி முடிக்க ஏழு மாதங்கள் சென்றன. அந்த ஏழு மாதமும் பைக் முற்றத்தில் நின்றது, நான் பஸ்ஸில் போனேன்.

எதைப் பார்க்க வேண்டும்?

*முதலில் ஆவணம், பிறகுதான் எஞ்சின்.* பதிவு இலக்கம், செசி இலக்கம், எஞ்சின் இலக்கம் மூன்றும் அறிவித்தலில் உள்ளனவா, அவை வாகனத்தில் உள்ளவற்றோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ஈரத்துணியால் செசி இலக்கத்தைத் துடைத்துப் பாருங்கள். எழுத்துகள் சமமாக இல்லாவிட்டால், சுற்றிலும் அரத்தால் தேய்த்த அடையாளமோ புதிய பெயின்டோ இருந்தால் விலகிக்கொள்ளுங்கள். இலக்கம் இல்லாத அல்லது அழிக்கப்பட்ட வாகனங்கள் உதிரிப்பாகங்களாகவே விற்கப்படுகின்றன. அவற்றை வாங்கிய பின் பதிவு செய்து வீதியில் ஓட்டலாம் என்று எவராவது சொன்னால் நம்ப வேண்டாம். என்னோடு படிப்பித்த ஒருவர் அப்படி எடுத்த மோட்டார் சைக்கிளைக் கடைசியில் பாகம் பாகமாகவே விற்றார்.

*பதிவு விபரம்.* பதிவு இலக்கம் இருந்தால், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கட்டணம் செலுத்தி வாகனத்தின் விபரங்களைப் பெறலாம். லீசிங் கம்பனி ஒன்றின் பெயர் அதில் உரிமையாளராகப் பதியப்பட்டிருந்தால், அந்த உரிமை என்னவாயிற்று என்று பதிவாளரிடம் கேட்டுத் தெளிவுபெறாமல் விலை கேட்க வேண்டாம். அரசுடைமையாக்கல் உத்தரவுக்கு எதிராக மேன்முறையீடு உள்ளதா என்பதையும் கேளுங்கள். வருமான வரி அனுமதிப்பத்திர நிலுவை பற்றிப் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

*நின்ற காலம்.* வாகனம் ஓடித் தேய்வதை விட நின்று கெடுவது அதிகம். வழக்கு முடியும்வரை வெயிலிலும் மழையிலும் நின்ற வண்டியில் றப்பர் எல்லாம் வெடித்திருக்கும், வயர்களை எலி கடித்திருக்கும், பிரேக் இறுகியிருக்கும். கரையோரப் பகுதியென்றால் உப்புக் காற்று அடிப்பகுதியைத் தின்றிருக்கும். கையோடு ஒரு பாஸை அழைத்துச் செல்லுங்கள். அவரது நாட்கூலி வீண் செலவல்ல. கிக்கரை மிதித்தால் எஞ்சின் சுற்றுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒயில் குச்சியில் பால் நிறம் தெரிந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. காரென்றால் சாவி இருக்கிறதா என்று கேளுங்கள். புதிய கார்களுக்குச் சாவி செய்வதே பெரிய செலவு. ஹைப்ரிட் கார் வருடக்கணக்கில் நின்றிருந்தால், அதன் பெரிய பெட்டரிக்குரிய செலவை முழுமையாகக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

*கடிதம்.* வாங்கியவுடன் பற்றுச்சீட்டையும், பெயர் மாற்றத்துக்கான நீதிமன்றக் கடிதத்தையும் கேட்டுப் பெறுங்கள். வழக்கு இலக்கம், மூன்று வாகன இலக்கங்கள், உங்கள் பெயர், அடையாள அட்டை இலக்கம் எல்லாவற்றையும் அங்கேயே நின்று எழுத்தெழுத்தாக வாசியுங்கள். எனது ஏழு மாதத்தின் பாடம் இது.

எவ்வளவு வரை கேட்கலாம்?

சந்தை விலையை 100 என்று வையுங்கள். திருத்த வேலைக்கு 30, ஆவணங்களுக்கும் பயணத்துக்கும் 10, தெரியாமல் வரும் செலவுக்கு 15 ஒதுக்குங்கள். மீதி 45. உங்களுக்கு ஏதாவது மிஞ்ச வேண்டுமானால் 40 இல் நிறுத்த வேண்டும். இது எனது சொந்தக் கணக்கு, வாகனத்தைப் பொறுத்துக் கூடிக் குறையலாம். ஆனால் எல்லையை வீட்டிலேயே எழுதிக்கொண்டு போவது அவசியம். ஏலத்துக்கு வரும் பழைய வாகன வியாபாரிகளுக்கு ஒவ்வொரு பாகத்தின் விலையும் மனப்பாடம். அவர்கள் நிறுத்திய விலைக்கு மேல் நாம் கேட்கிறோம் என்றால், அவர்களுக்குத் தெரிந்த ஏதோ ஒன்று நமக்குத் தெரியவில்லை என்று பொருள்.

கூட்டிக் கேட்டு வாங்குவது மார்க்கத்தில் அனுமதிக்கப்பட்ட வியாபாரமே. வாங்கும் எண்ணமின்றி விலையை ஏற்றிவிடுவதுதான் ‘நஜ்ஷ்’ எனத் தடுக்கப்பட்டுள்ளது. நண்பருக்கு உதவுவதாக நினைத்து அதில் பங்கெடுக்க வேண்டாம்.

உங்கள் வாகனம் களவு போயிருந்தால்

நான் போன அன்று, முதலில் கண்வைத்தது வேறொரு மோட்டார் சைக்கிளை. ஏலம் தொடங்குவதற்குச் சற்று முன் வயதான ஒருவர் புத்தகத்தின் போட்டோ பிரதியோடும் பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதியோடும் வந்து சேர்ந்தார். அது அவரது களவு போன வண்டி. அதை ஏலத்திலிருந்து விலக்கினார்கள். எனக்கு முதலில் வந்தது ஏமாற்றம். அவர் சீட்டைத் தடவிக்கொண்டு நின்றதைப் பார்த்தபோது அந்த ஏமாற்றத்துக்காக வெட்கப்பட்டேன். வாகனத்தைப் பறிகொடுத்தவர்கள் புத்தகத்தின் பிரதியைப் பத்திரமாக வைத்து, அயல் மாவட்ட நீதிமன்றங்களின் அறிவித்தல்களையும் பார்த்து வர வேண்டும்.

முடிவாக

கராஜ் வேலை தெரிந்தவருக்கு, பாகங்களை விற்கும் வியாபாரிக்கு, வேறு வாகனமும் கையில் மேலதிகப் பணமும் பொறுமையும் உள்ளவருக்கு நீதிமன்ற ஏலம் இலாபம் தரலாம். நாளையே உழைக்க வேண்டியவருக்கு, கடன்பட்டு அல்லது நகை விற்று வருபவருக்கு அது பொருத்தமில்லை. பெயர் மாறும்வரை அந்த வண்டி உழைக்காது. ஆனால் வீட்டில் அரிசிக்குப் பணம் தினமும் வேண்டும்.

மச்சானோடு நானும் ஏலத்துக்குப் போனேன். நாங்கள் குறித்த எல்லையை மூன்றாவது கேள்வியிலேயே தாண்டிவிட்டார்கள். வெறுங்கையோடு திரும்பினோம். இப்போது அவர் ஊரில் ஒருவரின் முச்சக்கரவண்டியை நாள் வாடகைக்கு ஓட்டுகிறார். வாடகை கொடுத்தது போக மிஞ்சுவது குறைவுதான். ஆனால் முதல் நாளிலிருந்தே மிஞ்சுகிறது, தங்கச்சியின் வளையல்களும் விற்கப்படவில்லை.