வெல்லும் கணத்தில் தந்தையும் மகனும்

1977 முதல் 2005 வரை வெளிவந்த ஆறு ‘ஸ்டார் வார்ஸ்’ படங்களை ஒரே கதையாக எடுத்துக்கொண்டால், அதன் நாயகன் லூக் ஸ்கைவாக்கர். வில்லன், டார்த் வேடராக மாறிய அனகின் ஸ்கைவாக்கர். லூக் மகன், அனகின் தந்தை. இந்த உறவு முதலிலேயே முடிவானதில்லை. 1980-இல் வந்த இரண்டாம் படத்துக்கு லீ பிராக்கெட் எழுதிய முதல் வரைவில் லூக்கின் தந்தை ஒருவர், வேடர் வேறொருவர். பிறகுதான் ஜார்ஜ் லூகாஸ் இருவரையும் ஒருவராக்கினார். நல்லவன் தீயவனை வீழ்த்தும் கதை, ஒரே சோதனையை இரண்டு தலைமுறைகள் எதிர்கொள்ளும் கதையானது அந்த முடிவால்தான்.

பாசத்துக்கு அடிமையானதால் அனகின் வீழ்ந்தான், பற்றை வென்றதால் லூக் உயர்ந்தான் என்று பலரும் விளக்குவதுண்டு. இருவர் கதையையும் அருகருகே வைத்துப் பார்த்தால் அந்த விளக்கம் நிற்காது. பாசத்திலும் அச்சத்திலும் மகன் தந்தைக்குக் குறைந்தவன் இல்லை.

இருவரும் டாட்டூயின் என்ற பாலைக் கோளில் வளர்ந்தவர்கள். அனகின் அங்கே அடிமைச் சிறுவன். அவனுக்கு விடுதலை கிடைத்தபோது தாய் ஷ்மிக்குக் கிடைக்கவில்லை; அவளை அடிமையாகவே விட்டுவிட்டு ஜெடாய் வீரனாகப் பயிலப் புறப்பட்டான். லூக்கை வளர்த்த ஓவனும் பெருவும் பேரரசின் படையினரால் கொல்லப்பட்ட பிறகுதான் அவன் ஊரைவிட்டுக் கிளம்பினான். லூக்குக்கு இழப்பு முதலில் வந்தது, ஆற்றல் பின்னால் வந்தது. அனகினுக்கு ஆற்றல் முதலில் வந்தது. அதனால் பின்னாளில் தாய் அவன் மடியில் உயிர்விட்டபோது, இவ்வளவு வலிமை இருந்தும் காப்பாற்ற முடியவில்லையே என்ற ஆத்திரம் அவனை ஆட்கொண்டது. அவளைச் சிறைப்பிடித்த டஸ்கன் கூட்டத்தில் பெண்களையும் குழந்தைகளையும்கூட அவன் விட்டுவைக்கவில்லை.

வரப்போகும் துயரம் இருவருக்குமே முன்கூட்டித் தெரிகிறது. டகோபா கோளில் பயிற்சியில் இருக்கும்போது நண்பர்கள் வதைபடுவதை லூக் உணர்கிறான்; ஆசான்களான யோடாவும் ஓபி-வானும் தடுத்தும் கேளாமல் கிளம்பி, வேடரிடம் வலக்கையை இழக்கிறான். மனைவி பத்மே பிரசவத்தில் இறப்பதாக அனகின் கனவு காண்கிறான். திருமணமே ஜெடாய் நெறிக்கு மாறானது என்பதால், ஆசான்களிடம் அவனால் மனம்திறந்து பேச முடியவில்லை. பெயர் சொல்லாமல் யோடாவிடம் கேட்டபோது, இழக்க அஞ்சுவதை எல்லாம் விட்டுவிடப் பழகு என்ற அறிவுரைதான் கிடைத்தது. பயந்து நின்றவனுக்கு அது ஆறுதலாகவில்லை. சாவைத் தடுக்கும் வித்தை உண்டு என்று ஆட்சித் தலைவர் பல்பட்டீன் சொன்னது இனித்தது. அனகினின் வீழ்ச்சியில் ஜெடாய் சங்கத்தின் இறுக்கத்துக்கும் பங்குண்டு.

இருவரும் உண்மையில் பிரியும் இடம் தோல்வியில் இல்லை, வெற்றியில் இருக்கிறது. 2005-இல் வந்த படத்தின் தொடக்கத்தில் எதிரி டூக்குவின் இரு கைகளையும் அனகின் துண்டித்துவிடுகிறான். ஆயுதமின்றி மண்டியிட்டிருப்பவனைக் கொன்றுவிடு என்கிறார், அங்கே நாற்காலியில் கைதியாக அமர்ந்திருக்கும் பல்பட்டீன். அனகின் தயங்குகிறான், ஆனாலும் தலையைக் கொய்துவிடுகிறான். செய்தது தவறு என்று அவனே சொல்லும்போது, பழிவாங்குவது இயல்புதானே என்று பல்பட்டீன் தேற்றுகிறார். 1983-இல் வந்த படத்தின் உச்சக்கட்டமும் இதே அமைப்புதான். தங்கை லியாவைப் பற்றி வேடர் மிரட்டியதும் லூக் வெறிகொண்டு தாக்கி, தந்தையின் வலக்கையை வெட்டுகிறான். பேரரசராகிவிட்ட அதே பல்பட்டீன், தந்தையைக் கொன்று அவர் இடத்துக்கு வா என்று தூண்டுகிறார். வெட்டுண்ட இயந்திரக் கையையும் தன் இயந்திரக் கையையும் மாறிமாறிப் பார்த்த லூக், ஒளிவாளை எறிந்துவிடுகிறான்.

சினம் லூக்குக்கும் வந்தது. வெட்டும் அளவுக்கு வந்தது. ஆனால், தான் என்னவாகிக்கொண்டிருக்கிறோம் என்பதை அந்தக் கணத்திலேயே பார்த்தான். அனகினுக்கும் அந்தப் பார்வை வாய்த்தது, ஆனால் எப்போதும் செய்த பிறகே வாய்த்தது. ஒருமுறை தேற்றப்பட்டவன் அடுத்த முறை இன்னும் எளிதாகச் செய்தான்: ஜெடாய் ஆசான் மேஸ் விண்டுவின் சாவுக்குத் துணைபோனான், கோயிலிலிருந்த ஜெடாய் சிறுவர்களைக் கொன்றான், கடைசியில் முஸ்தபார் கோளில் பத்மேயின் கழுத்தையே நெரித்தான். யாருடைய சாவைத் தடுக்க இத்தனையும் செய்தானோ, அவள் அவனாலேயே மனமுடைந்து, இரட்டைக் குழந்தைகளைப் பெற்றதும் இறந்தாள்.

லூக்கின் வெற்றி ஒளிவாளை எறிந்ததோடு முடிந்துவிடவில்லை. பேரரசர் ஏவிய மின்னலில் ஆயுதமற்றுத் துடிக்கும் மகனைப் பார்த்துத்தான் வேடர் அவரைத் தூக்கி எறிகிறார். அன்பானவரைச் சாவிலிருந்து மீட்க வேண்டும் என்ற அதே ஆசை, அனகினை வேடராக்கியது. வேடரை மறுபடி அனகினாக்கியதும் அதுதான். முன்பு அதற்கான விலையைப் பிறர் உயிரால் கொடுத்தான், இப்போது தன் உயிரால் கொடுத்தான். ஒருவன் எவ்வளவு நேசிக்கிறான் என்பதை வைத்து இந்தக் கதை அவனை நாயகன் என்றோ வில்லன் என்றோ சொல்வதில்லை. அந்த நேசத்துக்காக யாரைப் பலியிடத் துணிகிறான் என்பதே அதற்கு அளவுகோல்.