அஞ்சல் பாடம் முதல் இணையப் பாடம் வரை

2020-ஆம் ஆண்டு. கொரோனாவினால் கல்லூரிகள் மூடிக் கிடந்தன. கைப்பேசி வழியே இயற்பியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். “வகுப்பில் கேட்டால்தான் சார் மனதில் பதிகிறது” என்றனர் மாணவர் பலர். ஒரு மாணவி மட்டும், “புரியாத இடத்தை நிறுத்தி மூன்று முறை கேட்டேன். வகுப்பில் உங்களை மூன்று முறை கேட்க முடியுமா?” என்றாள். இவ்விரு கருத்துகளில் எது சரி? விடை காணச் சற்றே வரலாற்றைப் புரட்டுவோம்.

வகுப்பறைக்கு வெளியே கற்பது புதிய செய்தி அன்று. 1840-இல் இங்கிலாந்தில் ஒரு பென்னி அஞ்சல் முறை தொடங்கியது. அதைப் பயன்படுத்தி ஐசக் பிட்மன் சுருக்கெழுத்துப் பாடங்களை அஞ்சலில் அனுப்பினார். மாணவர்கள் பயிற்சியை எழுதி அனுப்புவர்; அது திருத்தப்பட்டுத் திரும்பி வரும். பாடம் போனது மட்டுமன்று, திருத்தமும் திரும்பியது என்பதை நினைவில் கொள்க.

1969-இல் பிரிட்டனில் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. 1971 ஜனவரியில் பாடங்கள் தொடங்கின. அச்சிட்ட பாடங்களோடு வானொலி, தொலைக்காட்சி நிகழ்ச்சிகளும் இருந்தன. அறிவியல் மாணவரின் வீட்டுக்கே சோதனைக் கருவிப் பெட்டி சென்றது! இத்தனையும் போதாதென்று, அருகிலுள்ள மையங்களில் ஆசிரியரைச் சந்திக்கவும், கோடைப் பள்ளியில் சேர்ந்து தங்கிப் பயிலவும் ஏற்பாடு செய்தனர்.

அடுத்து வந்தது இணையம். 2012-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனம் மின்சுற்றுப் பாடம் ஒன்றை இலவசமாக இணையத்தில் நடத்தியது. ஏறத்தாழ 1,55,000 பேர் பதிவு செய்தனர். சான்றிதழ் பெற்றவர்களோ சுமார் 7,000 பேர்தான். அதாவது நூற்றுக்கு ஐவர் கூட இல்லை. பதிவு செய்த எல்லோரும் தேர்வு எழுதும் எண்ணத்தோடு வந்தவர்கள் அல்லர் என்பதும் உண்மையே.

அதே பாடம் அவ்வாண்டிலேயே கலிஃபோர்னியாவின் சான் ஹோசே அரசுப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றது. அங்கு மாணவர்கள் விரிவுரையை வீட்டில் பார்த்துவிட்டு, கணக்குகளை வகுப்பறையில் ஆசிரியர் முன்னிலையில் போட்டனர். வழக்கமான வகுப்பில் நூற்றுக்கு அறுபது பேர் கூடத் தேறாத பாடத்தில், இந்த வகுப்பில் தொண்ணூறு பேருக்கு மேல் தேறினர். 2013-இல் அதே பல்கலைக்கழகம் வேறு சில பாடங்களை முழுக்க இணையத்திலேயே நடத்திப் பார்த்தது. தேர்ச்சி பெரிதும் குறையவே, அம்முயற்சி நிறுத்தி வைக்கப்பட்டது. இவை சிறிய சோதனைகள். மாணவர் குழுக்களும் ஒரே தன்மையன அல்ல. எனினும் அவை காட்டும் திசை தெளிவானது.

திரை பாடத்தைக் கொண்டுவந்து சேர்க்கும். மீண்டும் மீண்டும் சலிக்காமல் சொல்லும். ஆனால் விளங்காமல் விழிக்கும் முகத்தை அது கண்டுகொள்ளாது. மின்தடையைத் தவறாக இணைத்த கையைப் பிடித்துத் திருத்தாது. பிட்மன் காலத்தில் திரும்பி வந்த திருத்தம் எதுவோ, அதுவே இன்றைக்கும் கல்வியின் உயிர்நாடி.

ஆக, என் மாணவர்கள் சொன்னதும் சரி, அந்த மாணவி சொன்னதும் சரி. அன்று நான் பாடத்தை மட்டும் அனுப்பினேன். திருத்தத்தை அனுப்பத் தவறினேன். இணையத்தில் கற்க மறுப்பவனைச் சோம்பேறி என்று கூறுமுன், அவனுடைய ஐயத்துக்கு யார் விடை தந்தார்கள் என்று ஆசிரியர்களாகிய நாம் கேட்டுக்கொள்ள வேண்டாமா?