ஹெரால்டு காரும் மிஞ்சிய இரண்டு கீல்களும்

சுங்குவார்சத்திரத்தில் என் கொட்டகையில் அந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டைப் பூட்டி முடித்த அன்று, மண்ணெண்ணெய்த் தட்டில் 15 உருப்படிகள் மிஞ்சிக் கிடந்தன. வண்டி நம் விடுதித் தோழன் ஒருவனுடைய தந்தையாருடையது. அவர் காலமான பிறகு ஒரு பட்டறைக்காரர் மொத்தத்தையும் பிரித்துப் போட்டு, ஒரு சீட்டுக்கூடக் கட்டாமல் கையை விரித்துவிட்டார். என்னிடம் பாதி வண்டி கோணிப்பையில்தான் வந்தது.

"அதான் ஸ்டார்ட் ஆயிடுச்சே, மிச்சத்தைக் காயலாங்கடைக்குப் போட்டுடுடா" என்றான் தோழன். மெக்கானிக்கல் படித்தவன் பேசுகிற பேச்சா இது?

ஐந்து போல்ட்டுகள் பார்வைக்கு 8 மில்லி. 13ஆம் நம்பர் ஸ்பானரும் ஏறக்குறைய உட்கார்ந்தது. ஆனால் நட்டு இரண்டு சுற்றிலேயே இறுகிவிட்டது. மரை அளவியை வைத்தால் அங்குலத்துக்கு 24 மரை. அதாவது 5/16 அங்குல யு.என்.எஃப். ஹெரால்டு 1959இல் இங்கிலாந்தில் ட்ரையம்ப் என்ற பெயரில் வந்த வண்டி, எல்லாம் அங்குலக் கணக்கு. இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் இன்று வேலை பார்க்கும் நம் மாணவத் தம்பிகள் பலர் இந்த மரையைக் கையால் தொட்டிருக்க மாட்டார்கள்.

எட்டு உருப்படிகள் 'ப' வடிவத் தகடுகள். வாஷர் என்று உதவிக்கு வந்த பையன் ஒதுக்கியிருந்தான். அவை ஷிம்கள்! முன் சக்கரத்தின் கீழ்க்கையைத் தாங்கும் பிராக்கெட்டுக்கும் சேஸிஸுக்கும் நடுவே செருகி, சக்கரத்தின் சாய்வைச் சரிசெய்வது. வண்டிக்கு வண்டி எண்ணிக்கை மாறும், புத்தகத்தைப் பார்த்துப் பொருத்த முடியாது. அளந்து, செருகி, மறுபடி அளந்து ஒரு முழு நாள் போயிற்று. அப்படியே ஓட்டியிருந்தால் முன் டயர்கள் ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கும்.

கடைசி இரண்டுதான் தூக்கத்தைக் கெடுத்தன. கதவுக் கீல்கள். வண்டிக்கு இரண்டு கதவு, நான்கு கீல். நான்கும் இடத்தில் இருக்கின்றன. ஆங்கிலப் பாகப் புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை புரட்டினேன், இவற்றின் படமே இல்லை. இருக்காது என்பது அப்புறம்தான் உறைத்தது. நாலு கதவு ஹெரால்டை இங்கிலாந்தில் ட்ரையம்ப் விற்கவே இல்லை. அது சென்னைக்காரர்கள் செய்தது.

1948இல் தொடங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ், வண்டலூரில் 1961 முதல் ஹெரால்டு கட்டியது. 1965க்குள் பாகங்கள் எல்லாம் உள்நாட்டிலேயே தயாராயின. இங்கிலாந்தில் என்ஜின் 1147 சி.சி.க்குப் பெருத்தபோதும் இங்கே அதே 948தான். ஆனால் கதவு விஷயத்தில் நம்மவர்கள் காத்திருக்கவில்லை. குடும்பத்தோடு பின் சீட்டுக்குக் குனிந்து ஏறுகிற அவஸ்தை அவர்களுக்குத் தெரியும். தனி சேஸிஸ் மேல் பாடியைப் போல்ட் போட்டு நிறுத்திய வண்டி என்பதால் பாடியை மாற்றுவதும் முடிகிற காரியம். 1960களின் பிற்பகுதியில் நாலு கதவு வண்டி வந்தது. பிறகு வந்த கெஸல் 1977உடன் நின்றது.

சரி, இரண்டு கதவு வண்டியின் கோணிப்பையில் இந்தக் கீல் எப்படி? தோழனின் அம்மாவுக்குப் போன் போட்டேன். "உதிரிக்குன்னு இன்னொரு ஹெரால்டு வாங்கிக் கொல்லையில நிறுத்தியிருந்தாரேப்பா, நாலு கதவு. கோழி அடையும் அதுல." தோழன் பேசவில்லை. சிறு வயதில் அதில் உட்கார்ந்து ஸ்டியரிங் பிடித்தது அவனுக்கு நினைவு வந்துவிட்டது.

சந்திப்பு நாளன்று வண்டி கல்லூரி வாசலுக்கு வரும், அவனே ஓட்டுவான். கீல்கள் டிக்கியில் துணி சுற்றி இருக்கும். நாலு கதவு ஹெரால்டு வைத்திருக்கும் முன்னாள் மாணவர் யாரேனும் இருந்தால் வந்து கேளுங்கள், கொடுத்துவிடுகிறோம்.