விடந்தீர்த்த திருவருளும் மருத்துவ அறமும்

பாற்கடலில் எழுந்த ஆலகால விடத்தைத் திருக்கண்டத்தில் அடக்கி அமரரைக் காத்தருளிய பெருமானை நீலகண்டன் எனப் போற்றி வழிபடுவது சைவ நன்மரபு. அப்பெருமானது திருவருளால் அரவின் விடம் நீங்கி உயிர்பெற்றெழுந்தோர் வரலாறுகள் மூன்று பெரியபுராணத்துள் ஓதப்பெறுகின்றன. திங்களூரில் அப்பூதியடிகளாரின் மூத்த திருமகனார் திருநாவுக்கரசு சுவாமிகளாலும், திருமருகலில் வணிகர் ஒருவரும் திருமயிலையில் பூம்பாவையாரும் திருஞானசம்பந்த சுவாமிகளாலும் உயிர்பெற்றனர். அன்பர் பலரும் அறிந்த இவ்வரலாறுகளினூடே சேக்கிழார் பெருமான் பொதிந்து வைத்த மருத்துவச் செய்திகளும் உள. அவற்றை ஓர்ந்துணர்தல் இன்றும் உயிர் காத்தற்குத் துணையாவதாகும்.

அப்பூதியடிகளாரின் மகனார் வாழைக்குருத்து அரியச் சென்றவிடத்து அரவு தீண்டிற்று. அடியவர் அமுது செய்தற்குத் தடை நேராதிருத்தல் வேண்டுமென்னும் அன்பினால் அவர் விரைந்து வந்து, இலையைத் தாயார் கையிற் கொடுத்து வீழ்ந்தார். விடம் ஏழு வேகமாய் ஏறுதலும், பல்லும் கண்ணும் மேனியும் கருகுதலும், உரை குழறுதலும், பின் மயங்கி வீழ்தலும் ஆண்டு முறையாகக் கூறப்பெறுகின்றன. விடத்தின் ஏழு வேகங்களைச் சுசுருத சங்கிதையும் விரித்துரைக்கின்றது; பாம்புகளைப் படமுடையன, மண்டலப் புள்ளியுடையன, கோடுகளுடையன எனவும் அந்நூல் வகுக்கின்றது. உரை குழறுதல் நரம்பைத் தாக்கும் விடத்தின் குறி என்பதை இக்கால மருத்துவரும் உடன்படுவர்.

மயிலைச் சிவநேசச் செட்டியார் சிவபத்தியிற் சிறந்தவர். மகளை அரவு தீண்டியபொழுது அவர் வாளா இருந்தாரல்லர். விடந்தீர்க்க வல்லாரையெல்லாம் அழைப்பித்தார், தீர்ப்பார்க்குப் பெரும்பொருள் தருவதாகவும் அறிவித்தார். மனித முயற்சி முழுவதும் செய்து முடிந்த பின்னரே அவர் திருவருளை நோக்கிக் காத்திருந்தார். பத்தியும் முயற்சியும் ஒன்றற்கொன்று பகையல்ல என்பது இதனாற் பெறப்படும்.

நம் திருக்கோயில்களும் இதனையே காட்டுகின்றன. விடந்தீர்க்கும் மருத்துவர்க்கு விடப்பெற்ற நிலம் பழங்கல்வெட்டுகளில் ‘விஷஹர போகம்’ எனக் குறிக்கப்பெறுகின்றது. வீரராசேந்திர சோழன் (1063–1070) காலத்துத் திருமுக்கூடற் கல்வெட்டோ, அவ்வூர்ப் பெருமாள் கோயிலைச் சார்ந்த ஆதுலர் சாலையில் 15 படுக்கைகளும், மருத்துவர், அறுவை செய்வார், மூலிகை கொணர்வார், நோயாளரைப் பேணும் மகளிர் ஆகியோரும் இருந்தமையை அறிவிக்கின்றது. இறைவன் திருமுன்னரே மருத்துவம் ஓர் அறமாய் நிலைபெற்றிருந்தது.

காலம் செல்லச் செல்ல மருத்துவமும் வளர்ந்தது. 1890-களில் ஆல்பர்ட் கால்மெட் என்னும் பிரெஞ்சு மருத்துவர், நாகத்தின் விடத்தைச் சிறுகச்சிறுகக் கால்நடைகட்குச் செலுத்தி, அவற்றின் குருதியினின்று முறிமருந்தை ஆக்கினார். இந்நாளில் நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கன் விடத்துக்கும் உரிய ஒரே மருந்து குதிரைக் குருதியினின்று நம் நாட்டில் ஆக்கப்பெறுகின்றது. அதற்கு வேண்டும் விடத்தை, 1978-இல் தோன்றிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார் சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் எடுத்துதவுகின்றனர். விடமெடுத்தபின் பாம்புகளைக் கொல்லாது காட்டில் விட்டுவிடுதல் அவர்தம் முறை.

மருத்துவர் முதலில் மூச்சையும் நாடியையும் ஆராய்வர். இமை தாழ்தல், விழுங்க இயலாமை, வீக்கம், குருதிக்கசிவு ஆகிய குறிகளை நோக்குவர். குருதி சிறிது கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசையாது வைப்பர். அஃது உறையாதாயின் விரியனின் விடம் ஏறிற்றெனத் துணிந்து முறிமருந்தை நரம்பின் வழி ஏற்றுவர். மூச்சுத் தளர்ந்தார்க்குக் கருவியால் மூச்சளிப்பர். திருமருகல் வணிகரைப் போல் இரவில் உறங்கும்போது தீண்டப்படுவார் இன்றும் பலர். கட்டுவிரியன் கடியில் வலியும் வீக்கமும் தோன்றாமலே உயிர்க்கேடு நேர்தலும் உண்டு. ஆதலின் குறி இன்றெனக் கருதிக் காலந்தாழ்த்தலாகாது.

பாம்பு தீண்டிய எல்லாரிடத்தும் விடம் ஏறுவதில்லை. விடமிலாப் பாம்புகள் பல. விடப்பாம்பும் சிலபோது விடஞ் செலுத்தாது கடிக்கும். அவ்வாறு பிழைத்தாரைக் கண்டு மந்திரத்தாற் பிழைத்தார் என நம்பி, மெய்யாகவே விடமேறியோரையும் அவ்வாறே வைத்திருந்து இழந்த குடும்பங்கள் எத்தனை! 2000 முதல் 2019 வரை இந்நாட்டில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 58,000 பேர் பாம்புக்கடியால் மாண்டனர் என்பது ஆய்வாளர் கணிப்பு. 2024 நவம்பரில் தமிழ்நாட்டரசு பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயம் அறிவிக்க வேண்டியதொன்றாக ஆக்கியதும் இவ்வுயிரிழப்பைக் குறைத்தற்கேயாம்.

ஆதலின், தீண்டப்பெற்றாரை அஞ்சவிடாது அமைதிப்படுத்துக. மோதிரம், வளை முதலியவற்றைக் கழற்றுக. கடிபட்ட உறுப்பை அசையாதபடி சிம்பு வைத்துத் தாங்குக. இறுகக் கட்டுதல், கீறுதல், உறிஞ்சுதல் ஆகியன முன்னாளில் வழங்கின. இக்காலத்து அவை தீதென விலக்கப்பெற்றன. அவரை ஓடவும் நடக்கவும் விடாது, முறிமருந்துள்ள மருத்துவமனைக்கு ஊர்தியில் விரைந்து கொண்டு செல்க.

அமுது செய்ய எழுந்தருளிய அப்பர் சுவாமிகள், மகனார் மாண்ட செய்தியை அறிந்த அளவிலே, உணவை எண்ணாது எழுந்தார். அடியார் காட்டிய அவ்விரைவே நமக்கு நெறியாவது. விடந்தீர்த்த திருப்பதிகத்தை நெஞ்சுருகி ஓதுக. ஓதிக்கொண்டே மருத்துவமனைக்குச் செல்க. மருத்துவர் கைவழியாகவும் திருவருளே காக்கும் என்று தேறுதல் மெய்யன்பர்க்கு அழகாம்.

திருச்சிற்றம்பலம்