அரைப் பேர்

'ஹாஃப் நேம்' என்று இலங்கைத் தோட்டத் துரை ஒருவர் எழுதியிருந்தால், லண்டனில் இருந்த அவருடைய சொந்த அண்ணனுக்கே பொருள் விளங்கியிருக்காது. மாத்தளை மாவட்டத்தில், எல்கடுவை மலையில் கொழுந்து பறித்தவளுக்கு அது நன்றாக விளங்கும். அன்றைக்கு அவளுக்குப் பாதிச் சம்பளம்தான்.

தோட்டத்து வருகைப் பதிவேடான செக்ரோலில் ஆளின் பெயருக்கு நேரே நாள்தோறும் குறி விழும். முழு நாள் வேலைக்கு ஒரு பேர். கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப் பேர். "அரைப் பேர் போட்டுட்டாங்க" என்ற, தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் பேச்சைத்தான் துரைமார் ஆங்கிலத்தில் அப்படியே சொன்னார்கள். நாள் முழுதும் மலையேறி இறங்கியவளின் பெயரையே பாதியாக்கிவிடுகிற கொடுமை அந்தத் தொடருக்குள் இருக்கிறது.

இந்தப் பேச்சு நடந்தே வந்தது. கோப்பிக் காலத்தில் இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சிப் பக்கத்து மக்கள் தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கினார்கள். அங்கிருந்து காட்டு வழியே தம்புள்ளையைத் தாண்டி மாத்தளைக்கு வந்தார்கள். காய்ச்சலும் வாந்திபேதியும் வழியிலேயே பலரைக் கொண்டுபோயின. மாத்தளைக்கு ரயில் வந்தது 1880இல்தான்.

புதிதாக வந்த சின்னத்துரைமாருக்குத் தமிழ் கற்பிக்கக் கையேடுகள் அச்சாயின. அவற்றில் ஒன்றின் பெயரே 'இங்கே வா'! எந்தத் தொனியில் தமிழ் கற்றார்கள் என்பதற்கு அந்த ஒரு தலைப்பே சாட்சி.

கூலியும், ஆட்களைத் திரட்டி மேற்பார்த்த கங்காணியும் ஆங்கிலச் சொற்களானதைப் பலர் அறிவர். 'துண்டு'ம் அப்படிப் போனதுதான். கங்காணியும் அவருடைய ஆட்களும் பட்டிருந்த கடன் இவ்வளவு, அதைக் கட்டுகிறவரிடம் அவர்களை விட்டுவிடுகிறேன் என்று துரை எழுதிக் கொடுத்த சீட்டு அது. ஒரு கும்பல் மனிதரின் விலை அந்தக் காகிதத்தில் இருந்தது. 1921இல்தான் சட்டம் அதை ஒழித்தது.

எதிர்த்திசையிலும் சொற்கள் வந்தன. 'பரேட்' பெரட்டு ஆனது. விடியலில் தப்புச் சத்தம் கேட்டதும் பெரட்டுக் களத்தில் போய் நிற்க வேண்டும். 'லைன்' லயமாயிற்று. 'கொன்ட்ராக்ட்' கொந்தரப்பாயிற்று. கோப்பி காயவைத்துச் சேர்த்த 'ஸ்டோர்' இஸ்டோரு ஆனது. 1869இல் தலைகாட்டிய இலைநோய் கோப்பியை அழித்து, தேயிலை வந்து, இயந்திரங்கள் ஓடத் தொடங்கிய பிறகும் தொழிற்சாலைக்கு அதே பெயர்.

கொழுந்துக் கூடையைத் தராசில் வைக்கும் நேரத்தில் அரைப் பேர் என்ற சொல் இன்றும் அடிபடுகிறது.