அண்டக்கதிரில் கரும்பொருளைத் தேடிய வரலாறு
மாணவர்களே, 1912இல் விக்டர் ஹெஸ் பலூனில் 5,000 மீட்டருக்கு மேல் ஏறினார். உயரே போகப் போகக் கதிர்வீச்சு கூடியது. அது விண்ணிலிருந்து வரும் அண்டக்கதிர் என்று உணர்ந்தார். 1932இல் அதே கதிரில் கார்ல் ஆண்டர்சன், எலெக்ட்ரானின் எதிர்த்துகளான பாசிட்ரானைக் கண்டார்.

ஒளி வீசாத கரும்பொருளின் துகள்கள் மோதி அழிந்தால் பாசிட்ரான் பிறக்கலாம் என்பது ஒரு கருத்து. அந்தத் தடயத்தையும் தேடவே 2011இல் அனைத்துலக விண்வெளி நிலையத்தில் ஏஎம்எஸ் கருவியைப் பொருத்தினார்கள். எதிர்பார்த்ததைவிட அதிகப் பாசிட்ரான்கள் பதிவானதாக 2013இல் அறிவித்தார்கள்.

அப்படியென்றால் கரும்பொருள் கிடைச்சிடுச்சா? அவசரப்படாதீங்க! வேகமாகச் சுழலும் பல்சார் விண்மீன்களும் பாசிட்ரான்களை உருவாக்கக்கூடும். ஆகவே, விடைத்தாளில் ‘கண்டுபிடித்தனர்’ என்று எழுதாதீங்க. ‘தடயம் கிடைத்தது, காரணம் உறுதியாகவில்லை’ என்று எழுதுங்க. தடயம் வேறு, ஆதாரம் வேறு.